மீன்கடைக்கு இரண்டு பேர்

என் அன்பு மைதிலி,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது. அப்பா வேறு வீட்டுத் திறப்பைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, என்ர வகுப்புப் பிள்ளையள் எல்லாம் நல்லதுகள்தான். ஆனா ஒண்டோட ஒண்டு ஒட்டுதில்லை. மொரோக்கோப் பிள்ளையள் ஒரு மூலை, நாப்போலியில இருந்து வந்ததுகள் ஒரு மூலை, மொதெனா ஊர்ப் பிள்ளையள் நடுவில. என்ன செய்யிறது?" என்று கேட்டாய். "பொறு பிள்ளை, யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். மொதெனாவில் ஆசிரியையாக உனக்கு முதல் வகுப்புக் கிடைத்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. அதற்குள் இந்தக் கேள்வி உன்னை உறுத்துகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோசம். பல ஆசிரியர்களுக்கு அது கடைசி வரைக்கும் உறுத்துவதில்லை. உனக்கு இதற்கான படிப்பு இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன. என்னிடம் இருப்பது நடந்த ஒரு விசயம் மட்டும். அதில் நீயும் இருந்தாய். ஆனால் அப்போது உனக்கு ஒன்பது வயது. நீ பார்த்த பக்கம் வேறு, நான் நின்று பார்த்த பக்கம் வேறு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் பலெர்மோவில், சீசாப் பக்கம், லிஃப்ட் இல்லாத அந்த நாலாம் மாடியில் குடியிருந்தோம். தமிழ் வகுப்பு ஒன்று தொடங்க வேண்டுமென்று தாய் தகப்பன்மார் கூடிக் கதைத்தபோது, "ஆர் படிப்பிக்கிறது?" என்ற கேள்வி வந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் படிப்புக்காக இல்லை, என் தொண்டைக்காக. "இவ குசினிக்குள்ள நிண்டு கதைச்சா ஒரேத்தோ ஆத்தடிவரைக்கும் கேக்கும். கடைசி வாங்கில இருக்கிற பிள்ளைக்கும் கேட்டுத்தானே ஆகவேணும்" என்று அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள், நான் ஆசிரியை ஆகிவிட்டேன். போர்கோ வெக்கியோவில் இருந்த மாதா கோயில் மண்டபத்தைச் சுவாமியார் ஞாயிறு பின்னேரங்களில் எங்களுக்கு விட்டுத் தந்தார். மன்னார்ப் பிள்ளைகள் பூசை முடிந்து அப்படியே வருவார்கள். நாங்கள் சீசாவிலிருந்து பஸ்ஸில் வருவோம். வேதக்காரப் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் ஒட்டுவார்களோ என்றுதான் நான் முதலில் பயந்தேன். அந்தப் பயம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. நத்தாருக்கும் பொங்கலுக்கும் இரண்டு பக்கத்துப் பலகாரமும் கிடைக்கும் என்று தெரிந்தவுடன் நீங்கள் எல்லாரும் மிகுந்த மதநல்லிணக்கக்காரர்களாக மாறிவிட்டீர்கள்.

கோடு வேறு இடத்தில் விழுந்திருந்தது. இஞ்சை பிறந்த பிள்ளைகள் ஒரு பக்கம், பிறகு எங்கள் நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் மற்றப் பக்கம். இஞ்சை பிறந்தவர்கள் தங்களுக்குள் இத்தாலியனில், அதுவும் பலெர்மோச் சந்துத் தமாசுகளோடு, மழைபோலக் கதைப்பீர்கள். வந்தவர்கள் தமிழ்ப் பாடத்தைத் தண்ணீர் குடிப்பதுபோல வாசிப்பார்கள், ஆனால் இடைவேளையில் சுவரோடு நிற்பார்கள். அவர்களுடைய இத்தாலியனுக்கு நீங்கள் சிரிப்பீர்கள். உங்களுடைய தமிழுக்கு அவர்கள் சிரிப்பார்கள். உங்கள் பக்கத்துத் தலைவி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. சின்னச் சின்ன இரட்டைப் பின்னலும், எப்போதும் இடுப்பில் ஒரு கையுமாக, அவள்தான் இப்போது மொதெனாவில் இருந்துகொண்டு எனக்குத் தொலைபேசி எடுக்கிறாள்.

அந்தப் பக்கத்தில் ஜெனிற்றா. பேசாலையிலிருந்து தாயோடு வந்து சேர்ந்திருந்தாள். உன்னைவிட இரண்டு வயது கூட. கடலோரத்துப் பிள்ளை. உயரமாக, மெலிவாக, யாரையும் நேராகப் பார்க்கிற கண். முதல் நாளே நீ பாடப்புத்தகத்தில் "வாழைப்பழம்" என்பதை "வாலப்பலம்" என்று வாசித்தாய். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ மறக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவளுடைய தாய் பிலோமினா அக்கா அவளை மீன் வாங்கச் சந்தைக்கு அனுப்பினார். மீனுக்கு இத்தாலியனில் பெஷே. பீச்சுப் பழங்களுக்குப் பெஸ்கே. பிள்ளை பெஸ்கே என்று கேட்டு, குழம்புக்குப் புளி கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்த தாயிடம் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து நின்றாள். வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். ஆனால் கதை வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது அது வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தால் உங்கள் வாங்கிலிருந்து மெதுவாக ஒரு குரல் "பெஸ்கே" என்று எழும்பும். பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் சும்மா இருக்கவில்லை. முதலில் உங்களைக் கலந்து இருத்தினேன். ஒரு வாங்கில் ஒருத்தி இந்த முனையில், ஒருத்தி அந்த முனையில் இருந்து, நடுவில் ஒரு ஆறு ஓடக்கூடிய இடைவெளி விட்டீர்கள். பிறகு ஒற்றுமையைப் பற்றி ஒரு நீண்ட பேச்சுப் பேசினேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு மிகவும் பக்தியாகக் கேட்டீர்கள். பேச்சு முடிந்து நான் சோக்குக்கட்டி எடுக்கத் திரும்பியதும் பின்னால் "பெஸ்கே" என்று கேட்டது. அடுத்த ஞாயிறு ஜெனிற்றா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவளோடு சுவரோரம் நின்ற மற்றப் பிள்ளைகளும் வரவில்லை.

பிலோமினா அக்காவைப் பூசை முடிந்து வாசலில் கண்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "பிள்ளை வரமாட்டன் எண்டு நிக்குது தங்கச்சி. அடிச்சோ இழுத்துக்கொண்டு வாறது? நாங்கள் புதுசா வந்த பிள்ளையளுக்கு வேறயா ஒரு வகுப்பு வைப்பம் எண்டு கதைச்சனாங்கள். நீங்கள் குறை நினைக்கக்கூடாது" என்றார். வேறயா ஒரு வகுப்பு. கேட்கச் சுகமான வழி. ஆளாளுக்கு அமைதி. ஆனால் இந்த நகரத்தில் நாங்கள் இருந்ததே ஒரு பிடி சனம். அந்தப் பிடியையும் பிள்ளைகள் வயதிலேயே இரண்டாக்கிவிட்டால், பிறகு யார் சேர்ப்பது? "லீவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டுமட்டும் பொறுங்கோ அக்கா. அதுக்குள்ள நான் என்னவாவது செய்யிறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன செய்வேன் என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் கிழமை சிஞ்ஞோரா அம்மா வீட்டில் துப்புரவு வேலை முடித்து, சந்தை வழியாக நடந்து வந்தேன். சாரோவின் மீன்கடை முன்னால் ஜெனிற்றா தன் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் என்னைக் காணவில்லை. "இது சாளை. இது கணவாய். இது சூரை, பெரிசா வந்தா அப்பா வெட்டித்தான் தூக்குவார். இறால் இஞ்சை சிவப்பு, எங்கட இறால் இப்பிடி இல்லை" என்று தம்பிக்கு ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லிக்கொண்டு போகிறாள். வகுப்பில் சுவரோடு நின்ற பிள்ளையின் குரலா இது என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் சாரோ தன் பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாட்டும் சண்டையும் கலந்ததுபோல மீனைக் கூவி விற்கிறார். அந்தக் கூவல் உங்கள் எல்லாருக்கும் மனப்பாடம், வீட்டுக்குள் விளையாட்டுக்கு என்னிடம் கோப்பி விற்கும்போதுகூட நீ அப்படித்தான் கூவுவாய். அங்கே நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்திக்கு மீனைத் தெரியும், மற்றவளுக்குக் கூவத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தானே ஒரு கடை.

அடுத்த ஞாயிறு வந்திருந்த பிள்ளைகளிடம், நாங்கள் மண்டபத்தில் ஒரு சந்தை வைக்கப் போகிறோம் என்று அறிவித்தேன். நீங்கள் துள்ளிய துள்ளலில் சுவாமியார் வந்து எட்டிப் பார்த்தார். சட்டம் இரண்டே இரண்டுதான். ஒரு கடைக்கு இரண்டு பேர், ஒருத்தர் இஞ்சை பிறந்தவர், மற்றவர் அங்கை பிறந்தவர். எங்கள் ஆட்கள் வாங்க வந்தால் இத்தாலியனில் கேட்க வேண்டும். இத்தாலியர் வாங்க வந்தால் தமிழில் கேட்க வேண்டும். "ரீச்சர், அங்கை பிறந்த ஆக்கள்தான் ஒருத்தரும் வரேல்லையே" என்று ஒரு குரல் வந்தது. "ஓம். அப்ப கடையும் இல்லை" என்றேன். ஆனாலும் நீங்கள் கடைகளைப் பிரித்தீர்கள். பழக்கடை, மரக்கறிக்கடை, பாண்கடை, எல்லாவற்றுக்கும் கைகள் எழும்பின. நீ யாரைக் கூட்டாளியாக எடுப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றதில் கடைசியாக உனக்கு மிஞ்சியது மீன்கடை.

பஸ்ஸில் வரும்போது கேட்டாய். "அம்மா, கலமாரோவுக்குத் தமிழில என்ன?"

"தெரியாது" என்றேன். முதல் நாள்தான் கணவாய்க் கறி வைத்திருந்தேன்.

"தோன்னோவுக்கு?"

"அதுவும் தெரியாது பிள்ளை." சூரை என்று நாக்கு நுனியில் நின்றது.

"அப்ப ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பதில் உனக்கே தெரிந்ததால் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாய். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில அருமையான நேரங்களில் அது ஒன்று. அப்பாவைக் கேட்டுப் பார், நம்பமாட்டார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சாப்பாட்டுக் கோப்பையைக்கூடத் தொடாமல், "ஜெனிற்றா வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாய். படியேறினோம். கதவைத் திறந்தது அவளேதான். பிலோமினா அக்கா என்னை உள்ளே கூட்டிப்போனார். ஆனால் குசினிக்குப் போகாமல் இருவரும் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டோம். தாய்மார் இதற்கெல்லாம் வெட்கப்படுவதில்லை.

நீ சொன்னாய்: "எனக்கு மீன்ர பேர் ஒண்டும் தெரியாது."

அவள் சொன்னாள்: "எனக்கு இத்தாலியன் தெரியாது. நீதானே சொல்லித் திரிஞ்சனீ."

"ஓம்." பிறகு உன் குரல், மிகவும் சின்னதாக: "நான் இனி வாசிக்கேக்க நீ சிரிக்கலாம்."

"நான் அண்டைக்கே சிரிச்சிட்டன்" என்றாள் ஜெனிற்றா.

முதலில் யார் சிரித்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் படிக்கட்டில் இருந்து வயிறு குலுங்கச் சிரித்த சத்தம் கேட்டது. பிலோமினா அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வாரும் தங்கச்சி, தேத்தண்ணி போடுவம்" என்றார். அவள் வருகிறாள் என்றதும் மற்றப் பிள்ளைகளும் அடுத்த ஞாயிறு வந்துவிட்டார்கள்.

சந்தை நடந்த ஞாயிற்றைப் பற்றி நீ என்னைவிட நன்றாகச் சொல்லுவாய். சாரோ பழைய மீன்பெட்டிகள் தந்தார். எலுமிச்சம்பழம் போட்டு எத்தனை தரம் கழுவியும் மணம் போகவில்லை. கோயில் பூனை நீங்கள் கடதாசியில் வெட்டி நிறம் தீட்டிய சாளை மீன்களை முகர்ந்து பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு உங்கள் கடைக்குக் கீழேயே படுத்துக்கொண்டது. பத்து வருடமாகப் பலெர்மோவில் இருந்தும் இத்தாலியன் கதைக்காமல் தப்பிவந்த மாமாமார் எல்லாரும் பாண்கடைக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். பாண்கடைச் சின்னப் பொடியன் "இத்தாலியனில கேட்டாத்தான் தருவன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முற்றத்தில் பந்தடித்துக்கொண்டிருந்த இத்தாலியப் பொடியங்கள் சத்தம் கேட்டு உள்ளே வந்தார்கள். சாரோவும் ஞாயிற்றுச் சட்டையோடு வந்தார். "கனவாய் தாங்கோ" என்று அவர் கேட்டபோது ஜெனிற்றா பெரிய மனுசியைப்போலத் தலையாட்டி, "கனவாய் இல்லை. கணவாய். திருப்பிச் சொல்லுங்கோ" என்றாள். நீ அதை அவருக்கு மொழிபெயர்த்தாய். மனிதர் மீன்சந்தையே அதிர்கிற அந்தக் குரலில் "கணவாய்!" என்று கூவினார். மண்டபம் கைதட்டியது.

அப்போதுதான் அது நடந்தது. பந்தடிக்க வந்த பொடியங்களில் ஒருவன், உங்களிடமிருந்து எப்போதோ கேட்டுப் பழகியவன், பின்னாலிருந்து "பெஸ்கே!" என்று கத்தினான். நீங்கள் அத்தனை பேரும் அவன் பக்கம் திரும்பினீர்கள். நான் பிலோமினா அக்காவைப் பார்த்தேன். அவர் எழும்பிவிட்டார். நீ உன் கையை இடுப்பில் வைத்து, வாயைத் திறந்தாய். அவனுக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும், கோயில் மண்டபத்தில் சொல்லக்கூடியதில்லை. ஆனால் நீ பக்கத்தில் நின்றவளை ஒருமுறை பார்த்தாய். பிறகு வாயை மூடிக்கொண்டாய்.

ஜெனிற்றா ஒரு கடதாசி மீனை எடுத்து அவனுக்கு நீட்டினாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, இத்தாலியனில் சொன்னாள்: இது பெஷே. அங்கே பழக்கடையில் இருப்பது பெஸ்கே. இரண்டும் இருக்கிறது. உனக்கு எது வேண்டும்?

அவன் தலையைச் சொறிந்தான். "பெஷே" என்றான், மெதுவாக.

"தமிழில கேள்" என்றாள்.

பழக்கடையிலிருந்து யாரோ "பெஸ்கே இஞ்சை! பீச்சுப்பழம் இஞ்சை!" என்று கூவத் தொடங்கினார்கள். உடனே எல்லாக் கடைகளும் கூவின. அந்தச் சொல் அந்தப் பின்னேரம் முழுவதும் மண்டபத்தில் பறந்தது, ஒருவரையும் குத்தவில்லை. வெறும் பழத்தின் பெயராகிவிட்டது. பிலோமினா அக்கா திரும்பவும் கதிரையில் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு எழுந்து போய் இத்தாலியனில் மரக்கறி கேட்டு, பிழைவிட்டு, திருத்தப்பட்டு, கடதாசிக் கத்தரிக்காயோடு வெற்றியாகத் திரும்பி வந்தார். வேறயா ஒரு வகுப்பு என்ற கதையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

இனி எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று நினைக்காதே. இரண்டு கிழமையில் நீயும் அவளும் அந்த மீன்பெட்டியை யார் வைத்துக்கொள்வது என்று பெரிய சண்டை. ஆனால் நான் மேசையில் இருந்து கவனித்தேன், உன் பக்கம் நின்று கத்தியவர்களில் பாதி அங்கை பிறந்தவர்கள், அவள் பக்கம் நின்றவர்களில் பாதி இஞ்சை பிறந்தவர்கள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோசம் சந்தை நாளில்கூட வரவில்லை. உன் வகுப்பிலும் சண்டை வரும், மைதிலி. பயப்படாதே. யார் யாரோடு சேர்ந்து நின்று சண்டைபிடிக்கிறார்கள் என்று பார். பழைய மூலைகள் கலைந்து சண்டை நடந்தால் விடு, கொஞ்ச நேரம் பிடிக்கட்டும். பேச்சுப் பேசி அவர்களைச் சேர்க்கலாம் என்று மட்டும் நினைக்காதே. நான் பேசிப் பார்த்தவள். ஒருத்தர் இல்லாமல் மற்றவரால் செய்து முடிக்க முடியாத வேலையாக ஒன்றை, அதுவும் அவர்களுக்கு ஆசையான வேலையாக, நடுவில் போட்டுவிட்டு நீ கொஞ்சம் தள்ளி நில். எது என்று மொதெனாவில் இருக்கிற உனக்குத்தான் தெரியும். தள்ளி நிற்பதுதான் கடினம். பிள்ளை தடுமாறும்போது அதற்காக நீ பேசிவிட வேண்டும் போல நாக்குத் துடிக்கும். அன்றைக்கு மீன்கடையில், ஒன்பது வயதில், நீ அதை அடக்கினாய். அதை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நீ நல்ல ஆசிரியையாக வருவாய் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

இன்னுமொன்று சொல்லி முடிக்கிறேன். உனக்கு இது பாதிதான் தெரியும், ஏனென்றால் நீ பின்வரிசையில் நின்றாய், முகங்களைப் பார்க்கவில்லை. சில வருடம் கழித்து ஜெனிற்றாவுக்கு நடுநிலைப் பள்ளி முடிவுச் சோதனை வந்தது. எழுத்துச் சோதனை முடிந்து வாய்மொழிச் சோதனை. யாரும் உள்ளே வந்து நின்று கேட்கலாம். முதல் நாள் அவள் பயத்தில் சாப்பிடவில்லை என்று பிலோமினா அக்கா சொன்னார். காலையில் நான் சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டு அங்கே போனால், தாழ்வாரம் முழுக்க எங்கள் தமிழ் வகுப்பு நிற்கிறது. நான் யாரையும் வரச் சொல்லவில்லை. சின்னதுகள்வரை தலை வாரி இழுத்து, சப்பாத்துத் துடைத்து, பஸ்ஸில் வந்திருந்தீர்கள். அவளைக் கூப்பிட்டதும் எல்லாரும் பின்னாலேயே உள்ளே போய்ச் சுவரோரம் வரிசை வரிசையாக நின்றீர்கள்.

மேசைக்குப் பின்னால் சோதனைக்குத் தலைமை வகித்த இத்தாலிய அம்மா மிகவும் கண்டிப்பானவர். கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இவர்கள் எல்லாம் யார்? உன் உறவினரா?" என்று கேட்டார். ஜெனிற்றா திரும்பிப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரைக்கும் உங்கள் எல்லாரையும் பார்த்தாள். அவள் தோள்கள் இறங்கியதை நான் கண்டேன்.

"இல்லை, புரொஃபெஸ்ஸோரெஸ்ஸா" என்றாள். "என்ர வகுப்பு."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு வாசலில் நின்ற ஊழியரைக் கூப்பிட்டு, "வகுப்பு முழுக்க வந்திருக்கிறது, பார்த்துக்கொண்டு நிற்கிறாயே. பக்கத்து அறையிலிருந்து கதிரை கொண்டுவந்து போடு. பிள்ளைகள் இருந்த பிறகுதான் தொடங்கலாம்" என்றார்.

அன்புடன்,
அம்மா